நானோ ஆய்வுக்கு அரசு போட்ட பணம் எங்கே போனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நானோ, அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் பொருள்களைச் செய்யும் ஆய்வுக்காக, நானோ மிஷன் என்று 2007-லிருந்து அரசு கோடி கோடியாகக் கொட்டுகிறது, ஆனால் கையில் இருக்கும் போனில் இந்தியச் சிப் ஒன்றுகூட இல்லை. அந்தப் பணத்தை நேராக ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்திருக்கலாமே? சிப் தொழிற்சாலைகளுக்கென்றே செமிகண்டக்டர் மிஷன் வந்த பிறகு இந்த ஆய்வகங்கள் எதற்கு? எம்.இ. முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாமா? கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தக் "கோடி கோடி"யை எண்ணிப் பார்ப்போம். இந்தியாவில் நானோவுக்கென்று தனியாக அரசுப் பணம் ஒதுக்கத் தொடங்கியது 2001 அக்டோபரில். அறிவியல் தொழில்நுட்பத் துறை அப்போது தொடங்கிய முன்முயற்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 60 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் கலிபோர்னியாவில், கால்டெக் வளாகத்தில் நின்று தங்கள் தேசிய நானோ திட்டத்தை அறிவித்திருந்தார். அந்தத் திட்டத்தின் முதல் ஆண்டுப் பணம் மட்டும் 46 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் 2,000 கோடி ரூபாயைத் தாண்டும். அவர்களுக்கு ஓர் ஆண்டுக்கு 2,000 கோடி, நமக்கு ஐந்து ஆண்டுக்கு 60 கோடி.

அப்புறம் 2007 மே மாதம் நானோ மிஷன் வந்தது. பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் தலைமையில் ஒரு குழு, ஐந்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி. இந்த ஆயிரம் கோடிதான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ஆண்டுக்கு 200 கோடி என்று வகுத்துப் பாருங்கள். அதை நாடு முழுக்க இருக்கும் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், புதிய எம்.டெக். படிப்புகள், மருந்து, தண்ணீர், துணி, மின்னணு என்று எல்லாவற்றுக்கும் பங்கு போட வேண்டும். 2014 பிப்ரவரியில் இரண்டாம் கட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது தொகை 650 கோடியாகக் குறைந்தது. ஆக, கொட்டவில்லை. தெளித்தார்கள்.

நீங்கள் கேட்கும் சிப் சமாச்சாரம் பெரும்பாலும் இந்த மிஷனுக்குள் வரவில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நானோ மின்னணுவுக்கான பணம் வேறு வாசல் வழியாக வந்தது, அதாவது தகவல் தொழில்நுட்பத் துறை வழியாக. 2004-ல் அந்தத் துறை ஒரு நானோ திட்டத்தைத் தொடங்கியது. 2006-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஐஐடி பம்பாய்க்கும் சேர்த்து ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் நானோ மின்னணுச் சிறப்பு மையங்கள் அமைக்கப் பணம் கொடுத்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் 100 கோடி. பம்பாயில், சிப் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் அப்ளைட் மெட்டீரியல்ஸ் நிறுவனமும் இயந்திரங்கள் கொடுத்தது. என்னைக் கேட்டால் இந்திய அரசு அறிவியலில் செய்த நல்ல செலவுகளில் இது ஒன்று. ஏன் என்று சொல்ல, உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்திய ஆய்வகத்தின் க்ளீன் ரூமுக்குள், அதாவது சிப் செய்வதற்கான தூசி நீக்கிய அறைக்குள், முதல் முறை போனேன். வாசலிலேயே ஒரு டெக்னீஷியன் நிறுத்தினார். "சார், நெத்தில விபூதி இருக்கு. முகத்துல பவுடர் போட்டிருக்கீங்களா? ரெண்டையும் கழுவிட்டு வாங்க." கழுவிவிட்டு வந்தேன். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார், கிராஃபைட் தூள் பறக்குமாம். நோட்டுப் புத்தகத்துக்கும் அனுமதியில்லை, நார் உதிராத நீல நிறத் தாள்கள் சில கொடுத்தார். தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை, மேலே ஒரு முழு வெள்ளை அங்கி. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிறகு ஒரு சிறிய அறையில் நிறுத்தி நாலாபக்கமும் காற்றடித்தார்கள். உள்ளே எல்லாம் மஞ்சள் வெளிச்சம். வேஃபர் என்ற மெல்லிய சிலிக்கான் தட்டின் மீது பூசும் ரீசிஸ்ட் என்ற பூச்சு நீலமும் புற ஊதாவும் பட்டால் வினைபுரிந்துவிடும் என்பதால் அங்கே வெள்ளை விளக்கு கிடையாது.

இவ்வளவு ஆசாரம் எதற்கு? அதை "கிளாஸ் 100" அறை என்பார்கள். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள தூசி 100-ஐத் தாண்டக் கூடாது. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அறையில் அது லட்சக்கணக்கில் இருக்கும். அரை மைக்ரான் என்றால் 500 நானோமீட்டர். நீங்கள் 100 நானோமீட்டரில் ஒரு கோடு வரையப் பார்க்கிறீர்கள், அதன்மேல் 500 நானோமீட்டர் தூசி ஒன்று வந்து உட்கார்ந்தால் கோலத்தின் மேல் மாட்டுவண்டி நின்ற மாதிரிதான்.

அந்தக் காற்றைச் சுத்தமாக வைத்திருக்க இயந்திரங்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் கதவு திறக்கும்போது தூசி உள்ளே வராது. ராத்திரி யாரும் இல்லையே என்று அணைக்க முடியாது. தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் இல்லை, அயனி எல்லாம் நீக்கிய, மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தவே கடத்தாத தண்ணீர். சிலேன் என்று ஒரு வாயு உண்டு, கசிந்து காற்றோடு சேர்ந்தாலே தானாகத் தீப்பிடிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு, தோலில் பட்டால் எலும்பு வரை போகும். அதற்கான களிம்பை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் மின்சாரக் கட்டணம் எவ்வளவு, உணர்கருவிகள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் இதைக் கட்டுவது சாத்தியமா? என் கல்லூரியில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவே கையெழுத்து மூன்று வேண்டும்.

2008-ல் எடுத்த ஒரு முடிவை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். அந்த இரண்டு மையங்களையும் அந்தந்த வளாகத்தின் சொத்தாக விட்டுவிடாமல், நாட்டின் எந்தக் கல்லூரியிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து பயன்படுத்தலாம் என்று ஒரு பயனர் திட்டம் கொண்டுவந்தார்கள். இந்திய நானோ மின்னணுப் பயனர் திட்டம், ஆங்கிலச் சுருக்கத்தில் (INUP) ஐனப் என்று சொல்வோம். முதலில் அறிமுகப் பட்டறை, பிறகு கையால் செய்து பழகும் பயிற்சி, அதன்பிறகு உங்கள் யோசனை தேறினால் உங்கள் சாதனத்தை அங்கேயே செய்துகொள்ளலாம். ஒரு இயந்திரத்தை ஐம்பது கல்லூரிக்கு வாங்கிக் கொடுத்து ஐம்பதையும் தூசி படிய விடுவதற்குப் பதில், ஓர் இடத்தில் ஒழுங்காக ஓட்டி ஐம்பது பேரை அங்கே வரவைப்பது. கேட்க எளிய யோசனை. ஆனால் நம் ஊரில் "என் துறைக்கு வேண்டும், என் அறையில் வேண்டும்" என்ற வழக்கத்தை மீறி அதைச் செய்தது சாதாரணம் இல்லை. 2021-ல் இது விரிவாக்கப்பட்டு ஐஐடி மெட்ராஸ், டெல்லி, கரக்பூர், குவாஹாட்டி ஆகியவையும் சேர்ந்தன. இப்போது தமிழ்நாட்டுக்காரர்கள் இதற்காக ராத்திரி பஸ் பிடித்து ஓசூர் தாண்ட வேண்டியதில்லை.

சரி, சிப் எங்கே என்கிறீர்கள். ஆராய்ச்சிப் பணம் சிப்பாக மாறக் காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு நமக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் உங்கள் போனுக்குள் இருக்கும் ஒரு கதை சொல்கிறேன்.

1990-களின் நடுவில் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கிக்கொண்டே போவதில் ஒரு சுவர் தெரிந்தது. டிரான்சிஸ்டர் என்பது ஒரு குழாய் மாதிரி. மேலே இருக்கும் 'கேட்' அதை அமுக்கினால் மின்னோட்டம் நிற்க வேண்டும். குழாய் மிகக் குட்டையானதும் அமுக்கினாலும் அடிப்பக்கமாகக் கசிய ஆரம்பித்தது. 1996 வாக்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்பா, 25 நானோமீட்டர் அளவில் வேலை செய்யும் சுவிட்ச் யாராவது செய்ய முடியுமா என்று கேட்டுப் பணத்தோடு வந்தது. அப்போது தொழிற்சாலைகள் 250 நானோமீட்டரில் இருந்தன. பத்தில் ஒரு பங்கு! எந்தக் கம்பெனியும் தன் சொந்தக் காசைப் போட்டு இதைத் தேடியிருக்காது, அடுத்த மூன்று ஆண்டுக்கான சிப்பை விற்பதுதான் அவர்கள் கவலை.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சென்மிங் ஹூவும் அவருடைய சகாக்களும் மனுப் போட்டார்கள். ஜப்பானுக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்து ஹூ கையால் வரைந்த படங்கள்தான் அந்த மனுவின் ஆரம்பம் என்று சொல்வார்கள். யோசனை இதுதான்: படுத்திருக்கும் குழாயை நிமிர்த்தி மீன் துடுப்பு மாதிரி நிற்கவைத்து, கேட்டை மூன்று பக்கமும் சுற்றிவிட வேண்டும். தோட்டத்து ரப்பர் குழாயைக் கட்டை விரலால் மேலிருந்து மட்டும் அமுக்கிப் பாருங்கள், பிறகு கையால் சுற்றிப் பிடித்து அமுக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 1999-ல் செய்து காட்டினார்கள். ஃபின்ஃபெட் என்று பெயர். இன்டெல் இந்த வகை டிரான்சிஸ்டரோடு 22 நானோமீட்டர் தலைமுறையை அறிவித்தது 2011 மே மாதம். பணம் போட்டதிலிருந்து கடைக்கு வர ஏறத்தாழ 15 ஆண்டுகள். 2015 வாக்கிலிருந்து ஏறத்தாழ பத்தாண்டு உலகின் நல்ல போன்கள் எல்லாவற்றிலும் அந்தத் துடுப்புதான்.

டார்பா தந்த பணம் ஒரு தொழிற்சாலை கட்டப் போதாது. அது வாங்கியது ஒரு சிறு குழுவின் நான்கைந்து ஆண்டு நேரத்தை. அந்தக் குழுவுக்கு வளாகத்திலேயே ஒரு நல்ல க்ளீன் ரூம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அறை இல்லாமல் யோசனை மட்டும் இருந்திருந்தால் விமானத்தில் வரைந்த படம் படமாகவே இருந்திருக்கும்.

ஆகவே "நேராகத் தொழிற்சாலைக்குக் கொடுத்திருக்கலாமே" என்பதற்கு என் பதில்: கொடுத்துப் பார்த்தோமே. பஞ்சாபின் மொகாலியில் அரசு செமிகண்டக்டர் நிறுவனம் ஒன்றை 1970-களிலேயே அமைத்து, 1984-ல் உற்பத்தியும் தொடங்கியது. இன்று உலகுக்கே சிப் செய்துகொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சி பிறந்ததே 1987-ல்தான். இதைச் சொல்லி "நாம்தான் முதல்" என்று மார்தட்டுபவர்கள் உண்டு. 1989 பிப்ரவரி 7 அன்று அங்கே தீப்பிடித்து உற்பத்திப் பகுதி நாசமானது, அதிலிருந்து எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் போயின, அதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் தீ மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. தைவானில் தொழிற்சாலைக்கு முன்பே 1973-ல் ஐடிஆர்ஐ என்ற அரசு ஆய்வு நிறுவனம் வந்தது. அவர்கள் 1976-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கி, தங்கள் பொறியாளர்களை அங்கேயே அனுப்பிப் பழக்கினார்கள். டிஎஸ்எம்சி தொடங்கும்போது ஏறத்தாழ பாதிப் பங்கு அரசுப் பணம், பழகிய ஆட்களும் அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்தே வந்தார்கள். நம்மிடம் மொகாலி தனித்தீவு மாதிரி நின்றது. பக்கத்தில் ஆய்வகமும் இல்லை, வாடிக்கையாளரும் அதிகம் இல்லை.

மொகாலியை ஒரேயடியாகக் கழித்துக்கட்டவும் வேண்டாம். விண்வெளித் துறையின் கீழ் போன பிறகு அது 8 அங்குல வேஃபரில் 180 நானோமீட்டர் வரிசையை நிறுவி, ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் வேண்டியதைச் செய்துகொடுத்தது. 2025 செப்டம்பரில் பிரதமர் கையில் கொடுத்தார்களே விக்ரம் 3201 என்ற 32 பிட் சிப், அது அங்கே செய்ததுதான். அதைப் பார்த்து "180 நானோமீட்டரா, இருபது வருஷம் பழசு" என்று சிரித்தவர்களைப் பார்த்தேன். ராக்கெட்டின் உயரமும் அதிர்வும் வெப்பமும் தாங்கும் சிப்புக்கு யாரும் 3 நானோமீட்டர் கேட்பதில்லை ஐயா. அங்கே வேண்டியது நம்பிக்கை, வேகம் இல்லை.

நம்மிடம் உண்மையில் இல்லாத கண்ணி எது என்று கேட்டால், ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே இருக்கும் படிக்கட்டு. பல்கலைக்கழக க்ளீன் ரூமில் 4 அங்குல வேஃபரில் ஒரு சாதனம் செய்து, நூறில் பத்து வேலை செய்தால் கட்டுரை எழுதிவிடலாம். தொழிற்சாலையில் 12 அங்குல வேஃபரில் நூற்றுக்குத் தொண்ணூறு வேலை செய்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் "இது பெரிய வேஃபரில், வேறு ஆள் கையால், மறுபடி மறுபடி வருமா" என்று சோதிக்க ஓர் இடம் வேண்டும். பைலட் லைன் என்பார்கள்.

பெல்ஜியத்தில் லுவென் என்ற ஊரில் ஐமெக் என்ற சிப் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஃபிளாண்டர்ஸ் என்ற ஒரு மாநில அரசு 1984-ல் ஏறத்தாழ 6 கோடி யூரோவுக்குச் சமமான பணத்தில் தொடங்கியது. மக்கள்தொகையில் நம் இரண்டு பெரிய மாவட்டங்கள் சேர்ந்தால் வரும் அளவு மாநிலம். இன்று சாம்சங், இன்டெல், டிஎஸ்எம்சி என்று வெளியே அடித்துக்கொள்ளும் எதிரிகள் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் பணம் கட்டி ஆராய்ச்சி செய்கிறார்கள். வருமானத்தில் அரசின் பங்கு இப்போது சிறுபகுதிதான். ஆனால் அந்தச் சிறுபகுதியை நாற்பது ஆண்டாக ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, அதுதான் விஷயம். 2024-ல் 2 நானோமீட்டருக்கும் கீழே போகும் பைலட் லைன் ஒன்றை அங்கே அமைக்க 250 கோடி யூரோ திரட்டினார்கள். அதில் 140 கோடி ஐரோப்பிய ஒன்றியமும் ஃபிளாண்டர்ஸ் அரசும் கொடுக்கும் பொதுப்பணம், மீதி கம்பெனிகள் போடுவது. அரசு முதலில் நின்றால்தான் கம்பெனி பக்கத்தில் வந்து நிற்கும்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தது. அரசுத் திட்டத்தில் வாங்கியது, விலை கோடிகளில். திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கெல்லாம் ஏற்றினார்கள். மூன்றாம் வருடம் நான் போனபோது அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. பக்கத்துச் சுவரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய காலண்டர். என்ன ஆச்சு என்றால், நுண்ணோக்கியைக் குளிர்விக்கும் சில்லரின் கம்ப்ரஸர் போய்விட்டது. அதை மாற்றச் சில லட்சம் வேண்டும். திட்டக்காலம் முடிந்துவிட்டது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, கல்லூரி பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பே இல்லை. கோடியில் வாங்கிய யானைக்குக் கீரை வாங்கக் காசில்லை. அதை இயக்கப் பழகியிருந்த பையனுக்கு ஒப்பந்தச் சம்பளம். அவன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். புதிதாக யார் வந்தாலும் ஆறு மாதம் பழக வேண்டும்.

இது அந்தக் கல்லூரியின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் பார்த்த வரையில் பணம் வரும் விதமே அப்படி. மூலதனச் செலவு என்ற பெட்டியில் தாராளமாக எழுதுவார்கள், ஏனென்றால் இயந்திரத்தைப் படம் எடுத்து அறிக்கையில் போடலாம். தொடர் செலவு என்ற பெட்டியில் கத்தரிக்கோல் விழும். நைட்ரஜன் சிலிண்டரையும் ஏசி பில்லையும் யார் படம் எடுப்பார்கள்? பணம் ஜனவரியில் வரும், மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். டெண்டரில் விலை குறைவாகச் சொன்னவருக்கே கொடுக்க வேண்டும், உதிரிபாகம் அவரிடம் கிடைக்குமா என்பது அப்புறம்.

விதிகளின் விளையாட்டு வேறு. 2020-ல் 200 கோடிக்குக் கீழே உள்ள அரசுக் கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் கூடாது என்று உத்தரவு வந்தது. உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் வேஃபரில் நுண்கோடு வரையும், உள்நாட்டில் யாருமே செய்யாத எலெக்ட்ரான் கற்றை இயந்திரத்துக்கும் அதே விதி என்றால், விலக்குக் கேட்டு டெல்லிக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். 2025 ஜூனில்தான் அந்த அனுமதி அதிகாரத்தை ஆய்வு நிறுவனத் தலைவர்களிடமும் துணைவேந்தர்களிடமும் கொடுத்தார்கள். வரியும் அப்படித்தான். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள், பல கருவிகளுக்கு 18 சதவீதமானது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வது. பத்து கோடி மானியத்தில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஆய்வாளர்களும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2008, 2009 வாக்கில் நானோ என்ற சொல்லுக்கு ஒரு மவுசு. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "நானோ" என்றதும் "அட, அந்த ஒரு லட்ச ரூபாய்க் காரா?" என்பார்கள். ஊர் அப்படி என்றால் வளாகம் வேறு மாதிரி. நேற்று வரை பவுடர், பெயிண்ட் என்று ஆராய்ந்தவர்கள் தலைப்பில் நானோவைச் சேர்த்து மனுப் போட்டார்கள். நானோ மிஷனும் எம்எஸ்சி, எம்.டெக். படிப்புகளுக்கு ஆதரவு கொடுத்தது, அதைப் பார்த்துத் தனியாரும் கடை விரித்தார்கள். படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்கு வேலை எங்கே என்று யாரும் யோசிக்கவில்லை. கட்டுரை எண்ணிக்கையில் இந்தியா உலகில் முன்வரிசைக்குப் போய்விட்டது என்று அறிவியல் துறை பெருமையோடு சொல்வதுண்டு. எண்ணிக்கை உண்மை. ஆனால் துத்தநாக ஆக்ஸைடு நானோ துகளை இன்னொரு இலைச் சாற்றில் தயாரித்தோம் என்ற கட்டுரைகள் அதில் எத்தனை என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

இருந்தாலும் பணம் ஒழுங்காகப் பிடித்த இடங்களில் விளைச்சல் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப் குழு, குடிதண்ணீரில் இருக்கும் பூச்சிக்கொல்லியை உலோக நானோ துகள்களால் நீக்கும் முறையைக் கண்டுபிடித்து அது வீட்டு வடிகட்டியில் 2007 வாக்கிலேயே சந்தைக்கு வந்தது. பிறகு ஆர்சனிக்கை நீக்கும் நானோ பொருள் செய்து, அது மேற்கு வங்கக் கிராமங்கள் வரை போனது. மின்னணுப் பக்கம், ஐஐடி பம்பாய் மையத்திலிருந்து பிறந்த நானோஸ்னிஃப் என்ற நிறுவனம் வெடிமருந்தின் சுவட்டை மோப்பம் பிடிக்கும் கருவியை 2021-ல் வெளியிட்டது. உள்ளே இருக்கும் உணரி ஒரு நுண்ணிய சிப். எல்லோரும் போனுக்குள் தேடுகிறோம், விமான நிலையத்துப் பெட்டி சோதனைக்கான கருவிக்குள் இருப்பது கண்ணுக்குப் படுவதில்லை.

சின்னப் பணத்தை எங்கே போடுவது என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2008-ல் அரசும் பெரிய தனியார் நிறுவனங்களும் சேர்ந்து ஸ்லின்டெக் என்ற நானோ நிறுவனத்தை அமைத்தார்கள், ஹோமாகமவில். அவர்கள் சிப் பக்கம் போகவே இல்லை. தங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்: தரமான கிராஃபைட் மண்ணுக்கடியில் இருக்கிறது, அதிலிருந்து கிராஃபீன் என்ற ஓர் அணு தடிமனுள்ள கரித்தாள். வயலுக்கு மெதுவாகக் கரையும் யூரியா. ஆடைத் தொழிலுக்குப் பூச்சு. நாட்டின் கைக்கு எட்டும் கிளை அது. லாபம் எவ்வளவு என்பது வேறு கணக்கு, தேர்வில் ஒரு நிதானம் இருந்தது.

இனி செமிகண்டக்டர் மிஷன். 2021 டிசம்பரில் 76,000 கோடி அறிவித்தார்கள். குஜராத்தின் தோலேராவில் டாட்டாவும் தைவானின் பவர்சிப்பும் சேர்ந்து கட்டும் தொழிற்சாலைக்கு மொத்த முதலீடு 91,000 கோடி, திட்டச் செலவில் பாதியை மத்திய அரசே ஏற்கும். இந்தத் தொகைக்கு முன்னால் 2006-ல் கொடுத்த அந்த 100 கோடி கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்குள் இறங்கப்போகும் பொறியாளர்களை எங்கிருந்து எடுப்பீர்கள்? சிலிக்கான் மேல் ஆக்ஸைடு வளர்க்கும் ஆக்ஸிடேஷனைப் பாடப்புத்தகத்தில் படித்தவன் வேறு, 1,000 டிகிரி ஃபர்னஸ் முன்னால் நின்று ஆக்ஸைடு ஏன் ஓரத்தில் தடிமனாக வந்தது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவன் வேறு. இரண்டாவது ரகம் இந்த நாட்டில் கொஞ்சமாவது இருக்கிறது என்றால் அதற்கு அந்தப் பழைய 100 கோடிதான் காரணம். தொழிற்சாலையின் தொழில்நுட்பத்தைத் தைவானிலிருந்து விலை கொடுத்து வாங்கிவிடலாம். அடுத்த தலைமுறைக்கு மறுபடி அவர்களிடமே போய் நிற்கக்கூடாது என்றால் பக்கத்தில் ஆய்வகம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மொகாலியில் நாம் செய்யாதது அதுதான்.

என்னிடம் கேட்டால், புதிய மையம் ஒன்றுகூட வேண்டாம், இருக்கும் ஏழெட்டு க்ளீன் ரூம்களுக்கும் பத்து ஆண்டுக்கான ஓட்டுச் செலவை இப்போதே எழுதிக் கொடுங்கள், டெக்னீஷியன்களை நிரந்தரமாக்குங்கள் என்பேன். திறப்பு விழா நடத்த முடியாத செலவு என்பதால் இதைக் கேட்க ஆள் குறைவு.

சரி, நீங்கள் வரலாமா? வரலாம், ஆனால் சம்பளத்துக்காக அவசரப்படுகிறீர்கள் என்றால் சிப் வடிவமைப்புப் பக்கம் போங்கள், பெங்களூரில் வேலை காத்திருக்கிறது. செய்முறைப் பக்கம் வருவதானால் இந்த ஆண்டே பயனர் திட்டத்தின் அறிமுகப் பட்டறைக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் வழிகாட்டியைக் கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரிக்க வேண்டியிருக்கும், நச்சரியுங்கள். போகும்போது மாஸ்க் வரைபடத்தை, அதாவது வேஃபரில் பதிக்க வேண்டிய வடிவங்களின் வரைபடத்தை, முழுதாக முடித்துக்கொண்டு போங்கள். அங்கே போய் வரைந்துகொள்ளலாம் என்று போனால் கிடைக்கும் ஒரு வாரம் அதிலேயே கரைந்துவிடும். ஸ்லாட், அதாவது இயந்திரம் உங்களுக்கான நேரம், ராத்திரி பதினொரு மணிக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அந்த நேரத்தில்தான் டெக்னீஷியன்கள் நின்று பேசுவார்கள், புத்தகத்தில் இல்லாதது எல்லாம் அப்போதுதான் வரும்.

இன்னொன்று. நான் பழகத் தொடங்கிய புதிதில், மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த ஸ்லாட்டில், ஐந்து படி முடித்த வேஃபரை ஆறாவது படிக்கு எடுத்துப் போகும்போது சாமணத்திலிருந்து நழுவவிட்டேன். "டிங்" என்று ஒரு சத்தம், தரையில் நாலு துண்டு. அந்த டெக்னீஷியன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டப்பா நிறைய உடைந்த வேஃபர்களைக் கொண்டுவந்து வைத்து, "சாயங்காலம் வரைக்கும் இத எடுத்து எடுத்து வைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் போனால் முதல் நாளே அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா ஆய்வகத்திலும் இருக்கும்.